நின்றபடி காட்டிய குதிரை

விருத்தாசலம்
12.2.2024

தம்பி தர்மராஜுக்கு அக்கா அமிர்தம் எழுதுவது.

நீயும் உன் வீட்டுக்காரியும் கயலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. உன் மாமாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்தக் கோளாறு இல்லை, முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

குதிரை நேற்று வந்து சேர்ந்தது. மினி லாரி செராமிக் தொழிற்பேட்டைக்குள் நுழைந்ததுமே நம் பொம்மை யூனிட்டு ஆட்களும் பக்கத்து ஃபியூஸ் கம்பெனிப் பெண்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்து கூடிவிட்டார்கள். உன் மாமா மாலையும் கையுமாக நின்றார். பலகை போட்டும் குதிரை இறங்க மாட்டேன் என்கிறது. நாலு பேர் தள்ளி இறக்கினோம். இறங்கியதும் வலது முன்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நின்றது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாலையைப் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் மாமா அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

அவர் வேண்டுதல் உனக்குத் தெரியும். நெஞ்சுவலியில் பிழைத்து எழுந்ததும் அவர் ஊர் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போய், "வருசா வருசம் மண்ணுல குதிரை செஞ்சு குடுக்குறோம், இந்த வருசம் உசுரோட ஒண்ணு விடுறேன்" என்று ஐயனார் முன்னால் ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். பங்குனி உத்திரத்துக்கு அது சாமிக்கு முன்னால் நடந்து ஊரைச் சுற்றி வர வேண்டும். நீதான் "பார்த்துவிட்டேன், நல்ல குதிரை" என்று சொன்னாய். அதனால்தான் மாமா அந்தியூருக்கு வரவில்லை. நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தே வாங்கிவிட்டோம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அது நடந்ததை நீ பார்த்தாயா?

கயலைக் கேட்டதாகச் சொல். மூன்று வருசம் என் வீட்டிலிருந்து செராமிக் டிப்ளமா படித்த பிள்ளை. அவள் போனதிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

அக்கா அமிர்தம்

*

அந்தியூர்
26.2.2024

அன்பு அக்காவுக்கும் மாமாவுக்கும் தர்மராஜின் வணக்கம்.

ஆண்டவன் புண்ணியத்தில் நாங்கள் நன்றாக இருக்கிறோம். உன் முட்டிக்கு இங்கே ஒரு நல்ல எண்ணெய் விற்கிறார்கள், வாங்கி அனுப்புகிறேன். மாமா அரிசிச் சோற்றைக் குறைக்கட்டும்.

குதிரை பற்றிக் கவலைப்படாதே. அவ்வளவு தூரம் லாரியில் நின்றுகொண்டு வந்திருக்கிறது, காலில் சுளுக்கு இருக்கும். தண்ணீர் வேறு, காற்று வேறு. கொள்ளு ஊறவைத்துக் கொடு, பத்து நாள் கட்டிப் போட்டு வை. பெரிய இடத்தில் வளர்ந்த குதிரை. வளர்த்தவர்கள் மிகவும் மரியாதையானவர்கள், அவர்களைப் பற்றி மாமா வெளியில் ஏதும் பேசிவிட வேண்டாம்.

செங்கல் சூளையில் வேலை அதிகம். மழை வருவதற்குள் கல் அறுத்துக் காயவைத்துவிட வேண்டும். சூப்பர்வைசர் என்று பேர்தான், எல்லாம் என் தலையில். கயலுக்கு ஓர் இடம் வந்திருக்கிறது. நல்ல இடம். கூடி வந்தால் எழுதுகிறேன்.

உன் தம்பி
தர்மராஜ்

*

விருத்தாசலம்
5.3.2024

தம்பிக்கு அக்கா எழுதுவது.

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எண்ணெய் வேண்டாம், அனுப்பாதே.

நேற்று மாமா அதைக் குளிப்பாட்டினார். கருங்குதிரை என்றுதானே வாங்கினோம்? தண்ணீர் ஊற்ற ஊற்ற மை கரைந்து ஓடுகிறது. நெற்றியெல்லாம் நரை. குளம்பில் விரல் நுழைகிற விரிசல். அதில் மெழுகையும் செங்கல் பொடியையும் குழைத்து அடைத்து மேலே கறுப்பு பூசியிருக்கிறான் ஒரு பாவி. விரிசல் விட்ட பொம்மையை ஏமாற்றி விற்கிறவன் செய்கிற வேலை அது. உயிருள்ள காலில் செய்திருக்கிறான். மாட்டு டாக்டர் வந்து அதைச் சுரண்டியதும் உள்ளே இருந்து சீழ் வழிந்தது. அந்த நாற்றத்தில் எனக்கு மதியம் சோறு இறங்கவில்லை. இது இன்று நேற்று வந்த புண் இல்லை, வலி தெரியாமல் ஊசி போட்டு நிற்கவைத்திருப்பார்கள் என்கிறார் டாக்டர்.

எங்கள் பேரிலும் தப்பு இருக்கிறது. வீடியோவைப் பார்த்து, காது இரண்டும் சமமாக நிற்கிறது, கழுத்து வளைவு நன்றாக இருக்கிறது, நாலு காலும் தரையில் பதிந்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்று மாமாவிடம் சொன்னவள் நான்தான். நாங்கள் சுடுகிற குதிரையை யாராவது நடக்கவிட்டுப் பார்த்தா வாங்குகிறார்கள்? ஆடாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள், எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் புத்தியிலேயே இதையும் பார்த்தோம். தலைமுறை தலைமுறையாகக் குதிரை செய்கிற எங்களுக்கு அதை நடக்கச் சொல்லிக் கேட்கத் தோன்றவில்லை, பார்த்துக்கொள். ஆனால் நீ அங்கேயே இருந்தாய்.

விற்றவன் பேர் என்ன? பணமும் உன் கை வழியாகத்தான் போனது, எங்களுக்கு அவன் பேர்கூடத் தெரியாது. கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டப் போகிறேன். சாமியிடம் எழுதிக் கொடுக்கிற புகாரில் இன்னார் என்று பேர் போட வேண்டும். பேரை எழுது.

நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. அது நடந்ததைப் பார்த்தாயா?

அமிர்தம்

*

அந்தியூர்
1.4.2024

அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம்.

நாங்கள் சௌக்கியம். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது, மாமாவை மோர் குடிக்கச் சொல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

ஒரு நல்ல செய்தி. கயலுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் அவசரப்படுத்தினார்கள், நாள் குறித்து மறுநாளே தட்டு மாற்றிவிட்டோம். உனக்கு முன்கூட்டிச் சொல்ல முடியாமல் போனது. கல்யாணத்துக்கு நீதான் முன்னால் நிற்க வேண்டும். வசதியான இடம், அக்கா. என் தகுதிக்கு மேலே. சூளைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பெண் மாடி வீட்டுக்குப் போகிறாள்.

குதிரை சரிப்படவில்லை என்றால் விற்றுத் தள்ளிவிடலாம். அதே வீடியோ என்னிடம் இருக்கிறது. சேலம் பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், பார்த்ததும் அனுப்பச் சொல்லிவிடுவார்கள். உங்களுக்கு நஷ்டம் வராது. பிராது அது இது என்று போகாதே, மற்றவர்கள் வயிற்றெரிச்சல் நமக்கு வேண்டாம்.

தர்மராஜ்

*

விருத்தாசலம்
8.4.2024

தர்மராஜுக்கு,

இருக்கிறோம்.

நான் தூக்கி வளர்த்த பிள்ளைக்கு நிச்சயம். அத்தை நான் அங்கே இல்லை. தட்டு மாற்றிய பிறகு தபாலில் எனக்குத் தகவல். ஊரில் கேட்டவர்களிடம் எனக்குக் காய்ச்சல், போக முடியவில்லை என்று பொய் சொன்னேன். உன்னால் எனக்கு அந்தப் பிழைப்பு.

பங்குனி உத்திரத்துக்கு மாமா பிடிவாதமாகக் குதிரையை ஊருக்கு ஏற்றிக்கொண்டு போனார். காலுக்குத் துணி சுற்றி மெல்ல நடத்திக்கொண்டு போய்க் கோயில் முன்னால் நிறுத்தினார். பூசாரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கொறையுள்ளத சாமிக்கு விடக்கூடாதுங்க. மண்குதிரையில விரிசல் இருந்தா நீங்களே ஒடச்சிக் குழியில போட்டுடுவீங்களே" என்றார். யூனிட்டிலிருந்து ஒரு மண்குதிரையை வரவழைத்து வைத்துவிட்டுத் திரும்பினோம். வீட்டுக்கு வந்து மாமா, "ஒடச்சிப் போட இது மண்ணா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து காலையும் மாலையும் அவர்தான் புண்ணைக் கழுவி மருந்து போடுகிறார். நான் காலைப் பிடித்துக்கொள்கிறேன்.

அதே வீடியோவை இன்னொருவனுக்கு அனுப்பலாம் என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது? படித்ததும் கடிதத்தைத் தூக்கி எறிந்தேன். தூ. நம் அப்பா விரிசல் பானையைத் தட்டிக் காட்டி, "ஓசையைக் கேட்டுட்டு எடுங்க" என்று சொல்லி விற்றவர். நீ அவர் பிள்ளைதானா?

மாப்பிள்ளை யார்? எந்த ஊர்? பேர்கூட எழுதாமல் ஒரு நிச்சயச் செய்தி நான் இதுவரை படித்ததில்லை.

அமிர்தம்

*

அந்தியூர்
22.4.2024

அன்பு அத்தைக்குக் கயல்விழி எழுதுவது. நீங்களும் மாமாவும் நன்றாக இருக்கிறீர்களா? நான் இருக்கிறேன்.

என் போன் இப்போது அம்மாவிடம் இருக்கிறது. அதனால்தான் கடிதம். நீங்கள் எழுதியதை அப்பா இல்லாத நேரத்தில் படித்தேன்.

மாப்பிள்ளை பேர் பாண்டியன். அப்பாவின் சூளை முதலாளி ஆதிநாராயணன் மகன். நம் ஆட்கள்தான். முதலாளி பொழுதுபோக்குக்குக் குதிரை வளர்த்து விற்கிறவர். அத்தை, உங்கள் குதிரை அவருடையதுதான், உங்கள் கடிதங்களைப் படித்த பிறகுதான் எனக்கே அது புரிந்தது.

தை மாதம் அப்பாவோடு அவர் தோப்புக்குப் போயிருந்தேன். குதிரையை நடத்திக் காட்டினார்கள். தலையைக் குனிந்து குனிந்து நொண்டியது. எனக்கே தெரிந்தது. முதலாளி அப்பாவைப் பார்த்து, "என்ன தர்மராஜு, எப்படி இருக்குது?" என்றார். அப்பா குதிரையின் காலைப் பார்த்தார். பிறகு, "நல்லா இருக்குதுங்க" என்றார். முதலாளி சிரித்து அவர் தோளில் தட்டினார். அடுத்த வாரம் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள்.

சின்ன வயதில் தூரத்தில் பார்த்ததோடு சரி, மாப்பிள்ளையை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். நிச்சயத்துக்கு லீவு கிடைக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடியோவில் பேசக் கொடுக்கிறார்கள். மேஜை முன்னால் உட்கார்ந்து நிதானமாகத்தான் பேசுகிறார். ஆனால் அந்த வீட்டை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவிடம் சொன்னால், எல்லாம் நான் பார்த்துவிட்டேன் என்கிறார்.

என்ன செய்யட்டும்?

உங்கள் கயல்

*

விருத்தாசலம்
29.4.2024

தர்மராஜுக்கு,

நான் இரண்டு கடிதத்தில் கேட்டதற்கு நீ சொல்லாத பதில் எனக்குக் கிடைத்துவிட்டது. யார் சொன்னது என்று தேடாதே.

நீ பார்க்கவே போகவில்லை, சோம்பேறித்தனமாக வீடியோவை மட்டும் அனுப்பிவிட்டாய் என்றுதான் இத்தனை நாளாக நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். போயிருக்கிறாய். அது நொண்டியதைப் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு நல்லா இருக்குதுங்க என்றிருக்கிறாய். உன் மாமா வேண்டுதலைக் கொடுத்து உன் பெண்ணுக்கு மாடி வீடு வாங்கியிருக்கிறாய். எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பிராது எழுத உட்கார்ந்தேன். ஆதிநாராயணன் பேருக்கு மேலே உன் பேரை எழுத வேண்டும். கை வரவில்லை, மடித்து வைத்துவிட்டேன்.

குதிரை போனால் போகிறது. கயலை விட மாட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் பையன் நேரில் வந்து அவளோடு பேச வேண்டும். அந்த வீட்டு ஆட்கள் வீடியோவில் காட்டுகிற எதையும் இனி நம்ப முடியாது. முடியாது என்றால் கல்யாணத்தை நிறுத்து. மாமாவும் இதையே சொல்கிறார்.

அமிர்தம்

*

அந்தியூர்
16.5.2024

அக்காவுக்கு,

எல்லாரும் நலம்.

ஆமாம், பார்த்தேன். இப்போது உனக்குத் திருப்தியா? என் நிலைமையில் இருந்து பார், அக்கா. இருபது வருசமாக அவர் சூளையில், அவர் கொடுத்த வீட்டில் இருக்கிறேன். அவர் குதிரையை அவர் முகத்துக்கு நேராக நொண்டி என்று சொல்லிவிட்டு மறுநாள் நான் எங்கே போய் நிற்பது? உனக்கு யூனிட்டு இருக்கிறது, ஐயனார் இருக்கிறார். எனக்கு இருப்பது ஒரு பெண். நொண்டிக் குதிரை பெரிதா, அவள் வாழ்க்கை பெரிதா?

பையன் தங்கமானவன். அதற்கு நான் உத்தரவாதம். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அவன் லீவு எடுத்து வந்துதான் தாலி கட்ட முடியும். ஆனி மாதம் கல்யாணம். அத்தையாக வந்து வாயை மூடிக்கொண்டு நிற்பதானால் வா. இல்லையென்றால் வராதே. இனிமேல் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

தர்மராஜ்

*

விருத்தாசலம்
4.6.2024

தர்மராஜுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுத வேண்டியதாகிவிட்டது.

சனிக்கிழமை மதியம் நான் யூனிட்டில் பொம்மைகளுக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஆட்டோ நின்றது. ஒல்லியாக ஒரு பையன் இறங்கி முற்றத்தைத் தாண்டி வந்தான். இடது கால் மடங்கவில்லை. அடிக்கு அடி இடுப்பை வீசி, வெயிலில் வியர்க்க வியர்க்க நடந்து வந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மாமாவையும் கூப்பிடச் சொன்னான். அவர் வந்ததும் பேசினான்.

"நான் ஆதிநாராயணன் பையன் பாண்டியன்ங்க. போன ஞாயித்துக்கெழம கயல்விழி என்கிட்ட குதிரை விசயத்த கேட்டாங்க. பேச்சு வாக்குல என் காலைப் பத்திச் சொன்னேன். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியலைங்க. பொண்ணுகிட்ட சொல்லிட்டோம், சம்மதம்னு எங்கப்பா என்கிட்ட சொல்லியிருந்தாரு. உங்களுக்கு நிக்கிற குதிரையக் காட்டினாரு, அவங்களுக்கு உக்காந்திருக்கிற என்னையக் காட்டினாரு. அதான் நடந்து காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

மாமாதான் கையைப் பிடித்து உட்காரவைத்தார். ரெண்டு வருசத்துக்கு முன்னால் ஓசூரில் பைக் விபத்தாம். அப்போது கயல் இங்கே என் வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவனைத் தூக்கி உட்காரவைத்ததும், சாப்பாடு வாங்கிக் கொடுத்ததும் நீதானாம். அவன் அதை நன்றியோடு சொல்கிறான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காலில் அடிபட்டது அவன் செய்த குற்றமா? உன்னை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. அக்காவை ஏமாற்றினாய், சரி, அது அக்கா. பெற்ற பெண்ணிடமும் அதையே செய்திருக்கிறாய்.

அவன் வெளியே போய்க் குதிரையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றான். புண் ஆறி வருகிறது, தொட்டி வரைக்கும் தானாகப் போய்த் தண்ணீர் குடிக்கிறது. நான் உன் வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன். உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். அன்றிரவு அவனை இங்கேயே தங்கவைத்தோம். கயலை மறுநாள் அவளே பஸ் ஏற்றிவிட்டாள். அவளும் பாண்டியனும் எங்கள் சூளைக் கொட்டகையில் உட்கார்ந்து பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் அவன் ஓசூருக்குப் போய்விட்டான். கயல் இங்கேதான் இருக்கிறாள்.

அமிர்தம்

*

அந்தியூர்
10.6.2024

அக்காவுக்கு,

கயலை உடனே அனுப்பி வை. முதலாளிக்கு விசயம் தெரிந்துவிட்டது. மகன் தன்னை அவமானப்படுத்திவிட்டான், இனி இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்கிறார். வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் போல இருக்கிறது. கயல் வந்து காலில் விழுந்தால் மனம் இறங்குவார். எல்லாம் உன்னால் வந்தது.

நான் என்ன கெட்டதா நினைத்தேன்? கால் ஒன்றுதானே குறை, கல்யாணம் ஆனபின் தெரிந்தால் ஏற்றுக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். அவளிடம் சொல்.

தர்மராஜ்

*

விருத்தாசலம்
23.6.2024

தர்மராஜுக்கு,

உன் கடிதத்தைக் கயலிடமே கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டாள். அழவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

கல்யாணம் நடக்கும். பாண்டியனைத்தான் கட்டிக்கொள்கிறாளாம். அவனும் மறுபடி வந்து எங்களிடம் கேட்டுவிட்டுப் போனான். அவன் அப்பா வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்கிறான். ஓசூரில் குடித்தனம். காலில் விழ அவள் அந்தியூருக்கு வர மாட்டாள்.

ஆவணியில் இங்கே பழமலைநாதர் கோயிலில் நாள் கேட்டிருக்கிறோம். தாரை வார்க்க அப்பா வர வேண்டுமே, எழுதட்டுமா என்று கேட்டேன். பெற்றவன் இருக்க வேறு யார் கையும் கூடாது என்றும் சொன்னேன். உனக்காகத்தான் சொன்னேன். அதற்குக் கயல் சொன்னது இது.

"அவரு நடந்து காட்டிட்டாரு அத்தை. எங்கப்பா குதிரையையும் பாத்தாரு, இவரையும் பாத்தாரு. உள்ளத யார்கிட்டயும் சொல்லல. என்னையப் புடிச்சிக் குடுக்க அவரு கை வேணாம். மாமா குடுக்கட்டும்."

மாமா முடியாது என்றுதான் முதலில் சொன்னார். அவள் அவர் முன்னால் நின்றபடியே இருந்தாள். பிறகு சரி என்றார்.

சூளை வீட்டை விட்டுத் துரத்தினால் உன் வீட்டுக்காரியை இங்கே அனுப்பு, அவளுக்கு இடம் இருக்கிறது. கல்யாணத்துக்கு நீயும் வரலாம். யாரும் உன்னைத் தடுக்க மாட்டார்கள். மணவறைப் பக்கம் வராமல், வருகிறவர்களோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போ.

அமிர்தம்